ஓநாய் மனிதனுக்கு வெள்ளியும் பௌர்ணமியும் கட்டாயமா?

வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரி நண்பர்கள் நாலு பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி), அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டிக் கதை வளர்க்கிற விளையாட்டு, நடத்தப் போகிறாராம். கதையை நடத்துகிறவரான டிஎம்மாக உட்காருவது இதுதான் முதல் தடவை. கதையில் வேர்வுல்ஃப், அதாவது ஓநாய் மனிதன், வர வேண்டும், ஆனால் படங்களில் பார்த்துச் சலித்த மாதிரி இல்லாமல் பழைய நாட்டுப்புறக் கதைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் நம்மூர் மாதிரி ஓர் இடத்தில் நடக்க வேண்டும். வெள்ளி, பௌர்ணமி, கடித்தால் தொற்றிக்கொள்வது, இந்த மூன்றும் கட்டாயமா என்பது கேள்வி.

கட்டாயம் இல்லை தம்பி. இந்த மூன்றும் சேர்ந்த செட்டு, இன்று நமக்குத் தெரிந்த வடிவத்தில், ஹாலிவுட் தைத்துக் கொடுத்த சட்டை. கடிபட்டவன் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மாறுவான் என்கிற ஏற்பாட்டைத் திரையில் நிலைநிறுத்தியது 1935-ல் வந்த 'வேர்வுல்ஃப் ஆஃப் லண்டன்'. அதில் அவனைச் சாகடிக்க வெள்ளி தேவைப்படவில்லை, போலீஸ்காரர் சுட்ட சாதாரணக் குண்டே போதுமானதாக இருந்தது. வெள்ளி 1941-ல் 'தி வுல்ஃப் மேன்' படத்தோடு வந்தது, வெள்ளித் தலை வைத்த கைத்தடியால் அடித்துக் கொல்வார்கள். அதன் திரைக்கதையை எழுதிய கர்ட் சியோட்மாக், நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். அடுத்து பலியாகப் போகிறவரின் உள்ளங்கையில் நட்சத்திரம் தெரியும் என்று அவர் வைத்திருப்பதை, நாஜிகள் யூதர்களுக்கு நட்சத்திரச் சின்னம் மாட்டியதை நினைத்துக்கொண்டு பார்த்தால் வயிற்றைப் பிசையும். இன்னொரு வேடிக்கை, அந்தப் படத்தில் பௌர்ணமி என்ற பேச்சே இல்லை. படத்தில் வருகிற ஒரு செய்யுளில் இலையுதிர்கால நிலவு, ஒரு நச்சுச் செடி பூப்பது, அவ்வளவுதான். 1943-ல் வந்த அடுத்த படத்தில் அந்தச் செய்யுளின் வரியை மாற்றி முழுநிலவு ஆக்கினார்கள், அப்புறம் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அதற்காக அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்வேஸ் ஆஃப் டில்பரி என்பவர் நிலவின் மாற்றத்தோடு ஓநாயாகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வட ஜெர்மனியில் க்ரைஃப்ஸ்வால்ட் ஊர் மாணவர்கள் வெள்ளிப் பொத்தான்களைத் திரட்டி அவற்றால் ஓநாய் மனிதர்களைக் கொன்றதாக 19-ம் நூற்றாண்டுத் தொகுப்பில் ஒரு கதை இருக்கிறது. பிரான்ஸில் 1764-லிருந்து 1767 வரை நூறு பேர் அளவுக்குக் கொன்று தீர்த்த ஜெவோதான் மிருகத்தை ழான் ஷஸ்தெல் வெள்ளிக் குண்டால் சுட்டார் என்று சொல்வார்கள், அது பின்னால் வந்த எழுத்தாளர்கள் ஒட்டவைத்த சரிகை. ஆக, இவை எல்லாம் அங்கங்கே சிதறிக் கிடந்த துணுக்குகள். சட்டமாக ஆனது சினிமாவில், சட்டப் புத்தகமாக ஆனது நம் விளையாட்டில்.

சரி, பழைய கதைகளில் என்னதான் இருந்தது? என்னைக் கேட்டால், துணி.

சிரிக்காதீர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் பெட்ரோனியஸ் எழுதிய 'சட்டிரிகான்' நூலில் விருந்தில் ஒருவன் சொல்கிற கதை ஒன்று வருகிறது. இவன் இரவில் ஒரு சிப்பாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்புகிறான், நிலவு பட்டப்பகல் மாதிரி காய்கிறது, வழியில் கல்லறைகள். சிப்பாய் திடீரென்று துணியை எல்லாம் கழற்றி ரோட்டோரம் வைத்து, அதைச் சுற்றி மூத்திரம் பெய்து, ஓநாயாகி ஊளையிட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடுகிறான். இவன் போய் அந்தத் துணியை எடுக்கப் பார்க்கிறான், கல்லாகிக் கிடக்கிறது. பயந்தடித்துக்கொண்டு காதலி வீட்டுக்கு வந்தால், ஓர் ஓநாய் புகுந்து ஆடுகளைக் குதறிவிட்டது, நம் வேலைக்காரன் ஈட்டியால் அதன் கழுத்தில் ஒரு குத்து விட்டான் என்கிறாள். விடிந்ததும் திரும்பி வருகிறான். துணி இருந்த இடத்தில் ரத்தம். வீட்டில் சிப்பாய் மாடு மாதிரி படுத்துக் கிடக்கிறான், வைத்தியர் கழுத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இந்த ஒரு பக்கத்தில் உங்களுக்கு ஒரு முழு செஷனே இருக்கிறது: மிருகத்தின் மேல் பட்ட காயம் மனிதன் மேல் தெரிவது, கழற்றிய துணி, துணியைக் காப்பாற்ற அவன் செய்கிற காரியம். ஏன் அவ்வளவு கவலைப்படுகிறான்? துணி போய்விட்டால் திரும்பி வர முடியாது. ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருப்பதும் இதே சங்கதிதான். கிரேக்க நாட்டு ஆர்கேடியாவில் ஒரு குடும்பத்தில் சீட்டுப் போட்டு ஒருவனைத் தேர்ந்தெடுத்து ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போவார்களாம். அவன் துணியைக் கருவாலி மரத்தில் மாட்டிவிட்டு நீந்தி அக்கரைக்குப் போய் ஓநாயாகிவிடுவான். ஒன்பது வருஷம் மனித மாமிசத்தைத் தொடாமல் இருந்தால் திரும்ப நீந்தி வந்து மனிதனாகலாம். சொல்லிவிட்டு, கிரேக்கர்கள் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள் என்று கிண்டலும் அடிக்கிறார்.

12-ம் நூற்றாண்டில் மரி த ஃபிரான்ஸ் என்கிற பெண் கவிஞர் எழுதிய 'பிஸ்க்ளாவ்ரே' என்கிற கதை இன்னும் அழகு. ஒரு பிரபு, நல்ல மனிதர், வாரத்தில் மூன்று நாள் காணாமல் போவார். எங்கே போகிறீர்கள் என்று மனைவி நச்சரித்து நச்சரித்து, காட்டில் ஓநாயாகத் திரிகிறேன், துணியை இன்ன இடத்தில் ஒளித்துவைப்பேன் என்று வாயைப் பிடுங்கிவிடுகிறாள். அப்புறம் வேறொருவனைத் துணைக்குப் பிடித்து அந்தத் துணியைத் திருடச் செய்கிறாள், மனிதர் ஓநாயாகவே மாட்டிக்கொள்கிறார். வேட்டைக்கு வந்த ராஜாவின் காலைப் பிடித்துக் கெஞ்சி, அரண்மனையில் நாய்க்குட்டி மாதிரி வளர்கிறார். மற்ற யாரையும் தொடாத அந்த ஓநாய், துணி திருடியவன் மேல் ஒரு தடவை பாய்கிறது, பிறகு மனைவியைப் பார்த்ததும் பாய்ந்து மூக்கைக் கடித்து எடுத்துவிடுகிறது. காரணம் இருக்க வேண்டும் என்று விசாரித்து, துணியைத் திரும்ப வாங்கி ஓநாய் முன்னால் வைக்கிறார்கள். அது தொடவே இல்லை. அதற்கும் வெட்கம் இருக்குமே என்று ஒரு பெரியவர் சொல்ல, தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். அந்த வெட்கம் என்கிற ஓர் இடத்துக்காகவே இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிப்பேன்.

இதைப் படிக்கும்போது எனக்குத் திருமூலர் ஞாபகம் வராமல் இருந்ததில்லை. சாத்தனூரில் மூலன் என்கிற இடையன் செத்துக் கிடக்கிறான், மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. பொதிகைக்குப் போகிற வழியில் அதைப் பார்த்த யோகி மனம் பொறுக்காமல் தன் உடலை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலன் உடலுக்குள் புகுகிறார். மாடுகளை வீடு சேர்க்கிறார். மூலன் மனைவி கையைப் பிடிக்க வருகிறாள், உனக்கும் எனக்கும் ஒட்டில்லை என்று விலகி நிற்கிறார். மறுநாள் வந்து பார்த்தால் வைத்த இடத்தில் உடலைக் காணோம். அங்கே துணி, இங்கே உடல். இரண்டிலும் ஒரு மனைவி, புருஷன் மாதிரியே இருக்கிற ஆனால் புருஷன் இல்லாத ஒன்றின் முன்னால் நிற்கிறாள். நம் கதையில் சிவன்தான் உடலை மறைத்தார், அதனால் திருமந்திரம் கிடைத்தது. அவர்கள் கதையில் மனைவி மறைத்தாள், அதனால் மூக்கு போனது. கூடு விட்டுக் கூடு பாய்வதும் உருமாறுவதும் ஒன்று இல்லை, தெரியும். ஆனால் மாறுவது ஒரு நொடி வேலை, திரும்ப வருகிற வழிதான் கதை என்பது இரண்டுக்கும் பொது. உங்கள் கேமுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: எப்படிக் கொல்வது என்பதை மையமாக வைக்காதீர்கள், எப்படித் திரும்புவது, அந்த வழியை யார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதை வையுங்கள்.

ஏன் மாறினான் என்பதற்கும் நம் பக்கத்தில் சரக்கு உண்டு. கிரேக்கக் கதையில் லிகாவோன் என்கிற ராஜா விருந்துக்கு வந்த கடவுளுக்கு மனித மாமிசம் பரிமாறி ஓநாயாகிறான். மகாபாரதத்தில் கல்மாஷபாதன், ஒற்றையடிப் பாதையில் வழிவிட மறுத்து வசிஷ்டர் மகன் சக்தியைச் சாட்டையால் அடித்து, நரமாமிசம் தின்னும் அரக்கனாகச் சாபம் வாங்கி, பசி என்று வந்த பிராமணனுக்கு மனித மாமிசம் அனுப்பி இன்னொரு சாபமும் வாங்கிக்கொள்கிறான். பன்னிரண்டு வருஷம் கழித்து அவனை விடுவிப்பவர், தன் மகன்களை அவனுக்குப் பறிகொடுத்த அதே வசிஷ்டர். இதைவிடக் கனமான கிளைமாக்ஸ் உங்களுக்கு எந்த அட்வென்ச்சர் புத்தகத்திலும் கிடைக்காது: சாபத்தை எடுக்கத் தெரிந்த ஒரே ஆள், அந்த மிருகத்தால் அதிகம் இழந்தவர். அந்த ஆளிடம் போய்ப் பேச உங்கள் ப்ளேயர்களில் யாருக்குத் தைரியம் வரும் என்று பாருங்கள். வாள் எடுக்கத் தேவையே இருக்காது.

ஐரோப்பிய வழக்கு விசாரணைகளையும் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் புது டிஎம்கள் வழுக்குவார்கள். 1589-ல் கொலோன் பக்கத்தில் பெட்பர்க் ஊரில் பீட்டர் ஸ்டம்ப் என்கிற விவசாயியைச் சித்திரவதை மேடையில் ஏற்றி, பிசாசு கொடுத்த இடுப்புக் கச்சையைக் கட்டினால் ஓநாயாவேன் என்று சொல்லவைத்துக் கொன்றார்கள். கச்சையைத் தேடிப் போனவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை. 1603-ல் பொர்தோவில் ழான் கிரெனியே என்கிற பதின்மூன்று பதினான்கு வயசுப் பையன் தனக்கு ஓநாய்த் தோல் கிடைத்தது என்று தானே சொல்லிக்கொண்டு திரிந்தான். நீதிபதிகள், பரவாயில்லை, மூளை வளர்ச்சி குறைந்த பையன் என்று மடத்தில் அடைத்ததோடு விட்டார்கள். 1691-ல் லிவோனியாவில், இன்றைய லாட்வியாவில், எண்பது தாண்டிய தீஸ் கிழவர் வேறொரு திருட்டு வழக்கில் சாட்சி சொல்ல வந்த இடத்தில், ஆமாம் நான் ஓநாய் மனிதன்தான், நாங்கள் கடவுளின் வேட்டை நாய்கள், சூனியக்காரர்கள் நரகத்துக்குத் திருடிக்கொண்டு போகும் தானியத்தை மீட்டு வருகிறோம், இல்லாவிட்டால் உங்களுக்கு விளைச்சல் ஏது என்று கேட்டிருக்கிறார். பாதிரியார் எவ்வளவோ சொல்லியும் கிழவர் மசியவில்லை, கடைசியில் கசையடி. கிழவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊர் எல்லையில் ராத்திரி காவல் சுற்றும் நம் சாமிகளோடு ஒரு பீடி பற்றவைத்துக்கொள்ளக்கூடிய ஆள்.

இது எல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. 1996-ல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனபோது, இது ஓநாய் இல்லை, ஓநாய் வேஷத்தில் வருகிற மனிதன் என்று புரளி கிளம்பி, ஊருக்குப் புதிதாக வந்த ஆட்களைப் பிடித்து அடித்துக் கொன்றிருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். ஊர் ஊராகச் சுற்றுகிற கூட்டத்தையோ மலைக்குடியையோ உங்கள் கதையில் ஓநாய் மனிதர்களாக வைக்காதீர்கள். ப்ளேயர்கள் அவர்களைச் சந்தேகப்படட்டும், ஊர்க்காரர்கள் சந்தேகப்படட்டும். உண்மையில் அது பண்ணையார் வீட்டுக்குள் இருக்கட்டும்.

நம்மூரில் வைப்பதானால் ஓநாயே வேண்டுமா என்பது அடுத்தது. ஓநாய் நமக்கு, ஆடு நனைகிறதே என்று அழுகிற பிராணி, பயங்கரத்தைவிடப் பாசாங்குக்குப் பேர் போனது. இங்கிலீஷ்காரப் பையன் ஓநாய் வருது என்று பொய்யாகக் கத்துவான், நம் பையன் கத்துவது புலி வருது புலி வருது என்று. ஆடு புலி ஆட்டத்தில் பதினைந்து ஆட்டுக்கு எதிராக நிற்பது மூன்று புலி. ஆட்டை எது தூக்குகிறதோ அதுவாகத்தான் ஊர் மனிதன் மாறுவான், அதனால்தான் ஐரோப்பாவில் ஓநாய், நாகாலாந்திலும் மலேயாவிலும் ஜாவாவிலும் புலி. 1974-ல் வந்த டி அண்ட் டி முதல் பெட்டியிலேயே ஓநாய், காட்டுப்பன்றி, கரடியோடு புலி மனிதனும் இருந்தது, எனவே விதிப்படியும் இது வம்பு இல்லை. புலியை எப்போதும் கெட்டதாகவே வைக்க வேண்டும் என்றும் இல்லை, வண்டு தொடும் முன்னால் மரமேறிப் பூப்பறிக்க வேண்டும், வழுக்கக் கூடாது என்று புலிக்கால் கேட்டு வாங்கிய வியாக்கிரபாதர் பேரில் சிதம்பரமே புலியூர் ஆகியிருக்கிறது. வரமாகக் கேட்டு வாங்கிய மிருகக் கால்! ஐரோப்பியக் கதைகளில் இதற்கு ஜோடி தேடினால் லேசில் கிடைக்காது.

ராத்திரியில் உருமாறுவதற்கு இன்னொரு கதை கையிலேயே இருக்கிறது. நரியைப் பரியாக்கியது. மாணிக்கவாசகர் பாண்டியனுக்கு வாங்கி வர வேண்டிய குதிரைகளுக்குப் பதிலாகச் சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டி வருகிறார், பகலில் ராஜா மெச்சி வாங்கி லாயத்தில் கட்டுகிறான், இரவில் அவை திரும்ப நரிகளாகி, முன்பே இருந்த குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன. இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு குதிரை வியாபாரி வந்து போன மறுநாளிலிருந்து ஊரில் கால்நடை செத்து விழுகிறது, காவல் போட்டால் வெளியிலிருந்து எதுவுமே உள்ளே வரவில்லை. நான் இதை மூன்று வருஷத்துக்கு முன்னால் மயிலாப்பூரில் எங்கள் மொட்டை மாடியில் நடத்தினேன். திருவிளையாடல் தெரிந்த ப்ளேயர் ஒருத்தி இருந்தும் இரண்டாவது செஷன் பாதி வரைக்கும் யாருக்கும் பிடிபடவில்லை.

இப்போது விதிகளுக்கு வருகிறேன். டி அண்ட் டியின் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு மான்ஸ்டர் மேனுவலை, அதாவது மிருகங்களின் விவரப் புத்தகத்தை, வைத்துச் சொல்கிறேன். வேர்வுல்ஃபுக்கு 58 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்கிற கணக்கு), சேலஞ்ச் (எவ்வளவு கஷ்டமான எதிரி என்கிற அளவு) 3. வெள்ளி பூசாத, மந்திரம் இல்லாத ஆயுதம் அதன் மேல் ஒரு கீறல்கூடப் போடாது. ஓர் ஆயுதத்துக்கோ பத்து அம்புக்கோ வெள்ளி பூச 100 தங்கக் காசு. முதல் இரண்டு லெவலில் இருக்கும் பார்ட்டியிடம், அதாவது ப்ளேயர்களின் கூட்டத்திடம், அது இருக்காது, மந்திரம் போடுகிறவரைத் தவிர மற்றவர்கள் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். நான் முதல் தடவை நடத்தியபோது இதையெல்லாம் யோசிக்கவே இல்லை. இரண்டாம் லெவல், நாலு பேர், ஆளாளுக்கு டைஸை உருட்டி பத்தொன்பது இருபது விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை, எல்லோர் முகமும் தொங்கிப்போச்சு. அப்போது ஒருத்தி தன் கேரக்டர் ஷீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, என் கேரக்டர் கால்ல கொலுசு இருக்குன்னு முதல் நாளே எழுதி வெச்சிருக்கேன். கையில சுத்திக்கிட்டு குத்தினா?" என்று கேட்டாள். விதியில் அதற்கு இடமில்லை. குத்து என்றேன். அந்தக் கொலுசு அறுந்து மணி சிதறிய சத்தத்தை இன்றைக்கும் எங்கள் கூட்டத்தில் யாராவது வாயால் பண்ணிக் காட்டுவார்கள்.

அதற்கப்புறம் தோன்றியதுதான், வெள்ளியை அப்படியே தூக்கிப் போட வேண்டாம் என்பது. ஐரோப்பியக் கிராமத்தில் வெள்ளி பணக்காரர் வீட்டுப் பொருள். நம் பக்கத்தில் கைக்குழந்தை இடுப்பில் அரைஞாண் கொடி இருக்கும், காலில் தண்டை இருக்கும், கல்யாணமானவள் விரலில் மெட்டி இருக்கும். அப்படியானால் ஓநாய் மனிதனுக்கு இந்த ஊரில் யாரைத் தொட முடியாது? தன் குழந்தையைத் தூக்க முடியாது. மனைவி காலைத் தொட முடியாது. ஸ்டம்ப்புக்குக் கச்சை கட்டினால் மிருகம், இங்கே கொடி கட்டினால் மனிதன் என்று திருப்பிப் போடலாம். குழந்தைப் பருவத்தில் கட்டிய அரைஞாணை அறுத்த நாளிலிருந்து மாற ஆரம்பித்தான், அதை அறுத்தது யார், இப்போது எந்த அடகுக் கடையில் இருக்கிறது? இது விசாரணைக் கதை ஆகிவிடும், சண்டைக் கதை இல்லை. உங்கள் நண்பர்களுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பௌர்ணமி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நமக்குப் பயம் அமாவாசையில். பௌர்ணமி என்றால் கிரிவலம், திருவண்ணாமலைக்கு பஸ் பிடிக்கிற நாள், யாரும் பயப்பட மாட்டார்கள். அதனால் பௌர்ணமியை வைத்தால் கூட்டத்தோடு வையுங்கள், பல்லாயிரம் பேர் மலையைச் சுற்றி நடக்கிற ராத்திரியில் நம் ஆளும் நடக்கிறான், எட்டு மைல் தாண்டி முடிப்பதற்குள் எங்கே ஒதுங்குவான் என்பது தவிப்பு. இல்லை என்றால் தாராளமாக அமாவாசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், திதி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒரு தடவை என் ப்ளேயர் ஒருவன் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கிழித்துக் கொண்டுவந்து, சாயங்காலம் ஏழு நாற்பதுக்கே பௌர்ணமி முடிந்துவிட்டது, இப்போது பிரதமை, அவன் மனிதனாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடினான். அரை மணி நேரம் கேம் நின்றது. கடைசியில் ஒப்புக்கொண்டேன், வேறு வழி?

கடித்தால் தொற்றுவதைப் பற்றி. பழைய வழக்குகளில் கடி முக்கியமே இல்லை; தோல், கச்சை, களிம்பு, சாபம், இவைதான் வழி. களிம்பில் பெல்லடோனா மாதிரி செடிகள் இருந்திருக்கும் என்று ஒரு விளக்கம் உண்டு. அது நம் ஊமத்தையின் குடும்பம், பித்தம் தலைக்கேறப் போதுமானது, விளையாட்டுக்குக்கூட யாரும் வாயில் வைக்க வேண்டாம். கடிக்கு நம்மிடம் இருப்பது வெறிநாய்க்கடி. கடிபட்டவன் நாய் மாதிரி குரைப்பான், தண்ணீரைக் கண்டால் அலறுவான் என்று கேட்டு வளராத பிள்ளை உண்டா? தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று மிரட்டித்தான் எங்களைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் இழுப்பார்கள். ஐந்தாம் பதிப்பில் கடிபட்டதும் கான்ஸ்டிட்யூஷன் சேவ் 12 (உடல் தாங்குகிறதா என்று டைஸ் உருட்டி 12 எட்ட வேண்டும்), தவறினால் சாபம், ரிமூவ் கர்ஸ் என்கிற சாபம் நீக்கும் மந்திரம் போட்டால் போச்சு. இது ரொம்பச் சப்பை. நான் செய்வது, தவறினால் அந்த ப்ளேயரிடம் மட்டும் தனியாக ஒரு சீட்டு கொடுப்பேன், அறிகுறி எதையும் நான் சொல்ல மாட்டேன், அவரே கொஞ்சம் கொஞ்சமாக நடிக்கட்டும். அதற்கு முன்னால் அவருக்கு இது சம்மதமா என்று கேட்டுவிடுங்கள். தன் கேரக்டரை டிஎம் பிடுங்கிக்கொள்வது சிலருக்கு அறவே பிடிக்காது, நியாயம்தான்.

அதே மான்ஸ்டர் மேனுவலில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு வரி இருக்கிறது. உருமாறும்போது உடுத்தியிருப்பதும் கையில் இருப்பதும் கூடவே மாறாது. பெட்ரோனியஸ், பிளினி, மரி மூன்று பேரும் அந்த ஒரு வரிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பயன்படுத்துங்கள். அவன் எங்கேயாவது துணியைக் கழற்றி வைத்துத்தான் ஆக வேண்டும், விடியும்போது அம்மணமாகத் திரும்பி வர வேண்டும், யாரோ ஒருவர் பார்த்திருக்க வேண்டும். யாருடைய வேட்டி மாதம் ஒரு தடவை சேறும் ரத்தமுமாக வருகிறது என்பது ஊருக்குத் துணி வெளுக்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? என் கேமில் ஊரிலேயே அதிக ரகசியம் தெரிந்தவர் எப்போதும் அவர்தான்.

ஓநாயாகவே ஆட வேண்டும் என்று உங்கள் நண்பர்கள் கேட்டால் டி அண்ட் டி அதற்குச் சரியான இடம் இல்லை. 1992-ல் வந்த 'வேர்வுல்ஃப்: தி அபோகாலிப்ஸ்' பாருங்கள், அதில் எல்லோருமே ஓநாய் மனிதர்கள், பூமித்தாய்க்காகச் சண்டை போடுகிறவர்கள். மனிதனிலிருந்து ஓநாய் வரை ஐந்து உருவங்கள், பிறந்தபோது நிலவு எந்தக் கலையில் இருந்தது என்பதை வைத்து ஐந்து வகைக் குணமும் வேலையும். அமாவாசையில் பிறந்தவன் குறும்பன், பௌர்ணமியில் பிறந்தவன் போர்வீரன். ஜாதகம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். டைஸே வேண்டாம், ரயிலில் ஆடினால் போதும் என்றால் மாஃபியா என்கிற ஆட்டம் இருக்கவே இருக்கிறது. அதை 1980-களில் மாஸ்கோவில் டிமிட்ரி டேவிடாஃப் உருவாக்கினார், 1997-ல் ஆண்ட்ரூ ப்ளாட்கின் அதற்கு ஓநாய் மனிதன் வேஷம் கட்டினார். எல்லோரும் கண்ணை மூடுங்கள், ஓநாய் மட்டும் கண்ணைத் திற. நம்மில் யாரோ ஒருவர் என்கிற பயத்தை இதைவிட மலிவாக யாரும் தந்ததில்லை.

உங்கள் முதல் செஷனுக்கு இவ்வளவு போதும்: மதுராந்தகம் மாதிரி ஒரு பெரிய ஏரி, கரையில் ஓர் ஆலமரம், அதில் மாட்டிய ஒரு வேட்டி, மூன்று மாதமாக யாரும் எடுக்கவில்லை. அதை உங்கள் ப்ளேயர்கள் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள், நான் பந்தயம் கட்டுகிறேன், கண்ணில் படுகிற எதையும் பையில் போடாத பார்ட்டியை இதுவரை பார்த்ததில்லை. தடுக்காதீர்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று நீந்தி வரட்டும்.